முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒரு நாலுகண்ணி

டிரைவருக்குத் தூக்கம் திரும்பிவிட்டது என்ற நல்ல சேதியை ஊரெல்லாம் சொன்னது அவர் மனைவிதான். எட்டு மாதமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனுஷன், பன்னிரண்டு நாளாக அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார். விடிந்ததும் முதல் பஸ்ஸை எடுக்கிறவர். அலாரம் அடிக்கும்வரை புரண்டுகூடப் படுப்பதில்லை. இதற்கெல்லாம் தான் காய்ச்சிக் கொடுக்கும் பால்தான் காரணம் என்று அவள் கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னாள், தம்பியிடம் போனில் சொன்னாள், வேலை செய்யும் இடத்திலும் சொன்னாள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனாலும் கேட்பாரில்லாமல் கிடக்கும் பெருமையை நாமே எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். மூன்றாவது மாடியில் நீளமான ஓர் அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே செருப்புக்கு மேல் நீல உறை. அங்கே செயற்கை பெப்டைடுகள் செய்வார்கள். பெப்டைடு என்றால் மலைக்க வேண்டாம். உடம்பில் இருக்கும் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று சங்கிலிபோலக் கோத்தால் அது பெப்டைடு. இரண்டு வருடமாக அவர்கள் செய்துகொண்டிருந்ததில் நாலே நாலு கண்ணிகள். அதற்குக் கூடத்தின் பதிவேட்டில் வாயில் நுழையாத ஒரு நம்பர் இருந்தது. ஆனால் எல்லோரும் கூப்பிட்டது ‘நாலுகண்ணி’ என்று. அது தூக்கத்தை ஒழுங்கு பண்ணுமா, முதுமையைத் தள்ளிப் போடுமா என்று கிழட்டு எலிகளுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்குப் போட இன்னும் எத்தனையோ காதம் போகவேண்டும். போகாமலே நின்றுவிடவும் கூடும்.

அவளுக்கு அங்கே ‘தராசு’ என்று பெயர். செய்த பொடியை உறையவைத்து, ஈரத்தை வற்றவைத்து, நிறுத்துக் குப்பியில் அடைப்பது அவள் வேலை. ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டாள். பதினாறு வருடத்தில் அவள் எழுதிய எடை ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜைக் கழுவலாம் என்று முட்டைத் தட்டை வெளியே எடுத்தபோது, பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் விரல் நுனி அளவில் நாலு கண்ணாடிக் குப்பிகள். மூன்றில் வெள்ளைப் பொடி. ஒன்றில் தண்ணீர்போலக் கரைசல், பாதிக்கு மேல் காலி. பக்கத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசிகள். குப்பியின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் இருந்தது அவள் தினமும் எழுதும் அதே நாலு கண்ணிகளின் பெயர். அடியில் பொடி எழுத்தில், ‘ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்கள் பயன்படுத்த அல்ல.’



டிரைவர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

“என்னங்க இது?”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “அதுவா… இன்டர்நெட்ல வாங்கினேன்.”

“உடம்புல போட்டுக்கிட்டீங்களா?”

“வயித்துலதான். ஒண்ணும் வலிக்கல. விசில்தான் சொல்லிக் குடுத்தான்.”

விசில் என்பது அவரோடு பதினைந்து வருடமாக ஒரே பஸ்ஸில் போகும் கண்டக்டர். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். ஊசி பிடிக்கும் விஷயத்தில் பெரிய நிபுணர், மற்ற எந்த விஷயத்திலும் இல்லை.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“நீதானே சொன்ன? எலியெல்லாம் நல்லாத் தூங்குது, ரோமம் பளபளன்னு ஆயிடுச்சுன்னு. ஒரு வாரம் சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. எனக்குக் கொஞ்சம் கொண்டுவாயேன்னு கேட்டேன். வேலை போயிடும்னு சொன்ன. சரி, உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே வாங்கிட்டேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எலியின் ரோமத்தைப் பற்றிச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேசியவளுக்கு இப்போது சோறே இறங்காத நிலைமை.

ஆனால் அவளை உண்மையிலேயே நடுங்க வைத்தது லேபிள் அல்ல, பொடியின் உயரம். லேபிளில் பத்து மில்லிகிராம் என்று போட்டிருந்தது. பத்து மில்லிகிராம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? குப்பியின் அடியில் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு வெண்படலம், அவ்வளவுதான். இந்தக் குப்பிகளிலோ பொடி பாதிவரை கெட்டியாக நின்றது. கண்ணால் பார்த்தே சொன்னாள், இருநூறு மில்லிகிராம். இருபது மடங்கு. அதில் அவர் தினமும் எடுத்ததைக் கணக்குப் போட்டால், உடம்பு எடைக்குப் பார்த்தாலும், கூடத்தில் ஆக அதிகமாகப் போட்ட கடைசிக் கூட்டத்து எலிகளின் அளவையும் தாண்டியது. அந்தக் கூட்டத்தில் மூன்று எலிகள் நன்றாகத்தான் தூங்கின. பிறகு எழுந்திருக்கவில்லை. அதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத்துடிப்பைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், அரை நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் டாக்டர் அம்மா குப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“இது நிஜமாவே அந்தப் பெயர்ல உள்ளதுதானா, வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. அளவும் தெரியாது. ரத்தத்துல இதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட வழியில்ல. இதை நிறுத்துங்க. என்னன்னு தெரியறவரைக்கும் பஸ் ஓட்ட வேண்டாம். மயக்கமோ, அளவுக்கு மீறின தூக்கமோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க.”

அளவுக்கு மீறின தூக்கம். எட்டு மாதமாக எந்தச் சாமியைக் கும்பிட்டாவது இவருக்குத் தூக்கம் வரட்டும் என்று வேண்டியவள், இப்போது அவர் கண்ணை மூடினாலே பதறினாள்.

வீட்டுக்கு வந்ததும் விசிலுக்குப் போன் போட்டாள். அவரை என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. விசில் கடைசிவரை “சரிங்க அண்ணி, தப்புதாங்க அண்ணி” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே பஸ்ஸின் பின்படிக்குப் போய்விடுவாராம்.

திங்கட்கிழமை மற்ற எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய், ஒரு குப்பியின் பொடியைத் தராசில் வைத்தாள். இருநூற்றிரண்டு. அவள் கண் தப்பாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் தப்பியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

இனி மூலக்கூறை எடைபோடும் இயந்திரம் ஒன்றுதான் கதி. அது நடைபாதைக் கோடியில் குளிர் அறையில் இருக்கும். அதை ஓட்டுகிறவருக்குச் ‘சாமியார்’ என்று பெயர். எப்போதும் தலையோடு ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, பேசாமல், திரையில் எழும்பும் கோடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் குப்பியை நீட்டியதும் அவர் வாய் திறக்காமல் கதவைக் காட்டினார். கதவில் ஒரு காகிதம். ‘வெளிப் பொருட்களுக்கு இங்கே சோதனை கிடையாது. யாருக்கும், எதற்காகவும்.’ முத்து முத்தான கையெழுத்து. போன வருடம் அவளே எழுதி, அவளே நாலு பக்கமும் டேப் ஒட்டியது. ‘எதற்காகவும்’ என்பதற்கு அடிக்கோடு வேறு.

“என் வீட்டுக்காரர் இதை ஊசி போட்டுக்கிட்டாரு, பன்னெண்டு நாளா” என்றாள்.

சாமியார் எழுந்து, காகிதத்தைப் பிசிறில்லாமல் உரித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இயக்குநர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா பம்ப் கழட்டிக் கிடக்கு. புதுசு புதன்கிழமைதான் வரும்.”

“அதுக்கு முன்னாடி முடியாதா?”

“தராசு, பம்ப் இல்லாம ஓட்டினா அது வெறும் பெட்டி.”

இரண்டு நாள். சொல்ல எளிது. டிரைவர் டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துப்போகும் பஸ்களின் நம்பரை எழுதினார். அவள் மணிக்கொரு தடவை போன் போட்டு, “என்ன பண்றீங்க?” என்றாள். “முழிச்சிருக்கேன்” என்பார் அவர். புருஷன் பெண்டாட்டிக்குள் இதைவிட மோசமான பேச்சு வார்த்தையும் உண்டு என்றாலும், இவ்வளவு சுருக்கமாக இருப்பது அபூர்வம். படுக்கையில் அவர் அசையாமல் கிடந்தார். மூச்சு சீராக வந்தது. அந்தச் சீர்தான் அவளைக் கொன்றது. எலிகளும் சீராகத்தான் மூச்சுவிட்டன. ஒரு கையை அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே விடியவைத்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு உயரமாக நின்றது. அது நிற்கவேண்டிய இடத்தில் இல்லை.

“நாலுகண்ணி இங்க வரணும்” என்று விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே தரைமட்டமாகத் தட்டையாக இருந்தது. “பொடிக் குப்பி மூணுலேயும் பார்த்துட்டேன். கரைச்சு வெச்ச குப்பியையும் பார்த்துட்டேன். இல்ல. துளிகூட இல்ல.”

“அப்ப இந்தக் கோடு?”

“மானிட்டால்.”

மானிட்டால் என்பது ஒருவகைச் சர்க்கரை. ஊசி மருந்துப் பொடி குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பார்வைக்கு ஓர் உருவம் கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் சேர்ப்பார்கள். விற்றவன் அதை மட்டும் போட்டு, மருந்தை மறந்துவிட்டான். மறந்தானோ, அது தேவையில்லை என்றே விட்டானோ.

“இருநூறு மில்லிகிராம்” என்றாள் அவள். “நான் நிறுத்தேனே.”

“எடை சரிதான். நம்ம இடத்துல எதையும் கலக்க மாட்டோம், குப்பியில இருக்கறதெல்லாம் சரக்குதான். அந்தப் பழக்கத்துல இதையும் சரக்குன்னு நினைச்சுட்ட. வேற யாரா இருந்தாலும் லேபிளைப் படிச்சுட்டு இவ்வளவு பயந்திருக்க மாட்டாங்க.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் அரண்டது போதாதென்று பேயைத் தராசில் வைத்து எடையும் போட்டிருக்கிறாள். பதினாறு வருடத்தில் முதல் தப்பு. அந்தத் தப்புக்காக அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு அழத் தயாராக இருந்தாள். சாமியார்தான் பக்கத்தில் இருந்தார். அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

“ஆனா அவர் தூங்கினாரே” என்றாள்.

“நம்ம எலிங்கள்ல ஒரு கூட்டத்துக்கு வெறும் உப்புத்தண்ணிதானே போடறோம்? அதுங்க தூங்கல. எலிக்கு நம்பிக்கை வைக்கத் தெரியாது. மனுஷனுக்குத் தெரியும்.” சாமியார் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தாள். ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை, வயிற்றில் ஊசி போட்ட இடமும் சுத்தமாக இருக்கிறது, இனி கவலை வேண்டாம், நாளை மறுநாள் வந்து காட்டிவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார் அவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக டிப்போவுக்குப் போனாள். செருப்பின் மேல் மாட்டியிருந்த நீல உறையைக் கழற்ற மறந்து, அதோடேயே தெருவில் நடந்தாள்.

டிரைவர் நேர அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார். பேனாவை மூடினார். முகத்தில் ஈயாடவில்லை.

“சொல்லு” என்றார்.

“சர்க்கரை. வெறும் சர்க்கரைங்க. மருந்தே இல்ல. உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“நீங்க பயப்படவே இல்லைன்னு நினைச்சேன்” என்றாள்.

“யாரு, நானா? மூணு நாளா நான் கண்ணை மூடல.”

“தூங்கிட்டுதானே இருந்தீங்க?”

“நடிச்சேன். நீ நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டுக் கிடந்த. நான் மூச்சைக் கொஞ்சம் மாத்தினாலும் எழுந்து உட்கார்ந்துடுவ. அதனால எண்ணி எண்ணி விட்டேன். நாலு எண்ணி இழுக்கறது, நாலு எண்ணி விடறது. பொழுது விடியறதுக்குள்ள இடுப்பே ஒடிஞ்சு போச்சு.”

இரண்டு பேரும் ஒரே கட்டிலில் மூன்று இரவு கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து, ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எதுக்குங்க இதெல்லாம்? தூக்கம் வரலைன்னா டாக்டரைப் பார்க்கலாம். உடம்புல என்னன்னு தெரியாத ஒண்ணை…”

“தூக்கத்துக்கு மட்டும் இல்ல.” அவர் ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்தார். “போன தடவை செருப்புக் கடைக்குப் போனோமே. அந்தப் பொண்ணு உன்கிட்ட, ‘மேடம், அப்பாவுக்கு அகலமான செருப்பு காட்டட்டுமா’ன்னு கேட்டுச்சே.”

“அது சின்னப் பொண்ணுங்க.”

“அவ கேட்டது போகட்டும். நீ சிரிச்ச. இல்லைன்னு சொல்லாம, ‘காட்டும்மா’ன்னு சொல்லிட்டுச் சிரிச்ச. அப்புறம் அதை எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்ச. எனக்கும் உனக்கும் பத்து வயசு வித்தியாசம். கல்யாணத்துல தெரியல. இப்பத் தெரியுது. படுத்தா அதேதான் ஓடும். நீ இன்னும் இருபது வருஷம் நல்லா இருப்ப, நான் நாலு வருஷத்துல கோலை ஊணுவேன்னு.”

அவளுக்கு அந்தச் சம்பவம் நன்றாக நினைவிருந்தது. தம்பியிடம் சொல்லும்போது கடைக்காரப் பெண்ணின் குரலையே செய்துகாட்டியிருந்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மனிதனை எட்டு மாதம் விழிக்க வைத்து, கடைசியில் கையில் ஊசியைக் கொடுத்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

“நான் சிரிச்சது தப்புங்க” என்றாள். “எனக்கு அப்ப வேடிக்கையா இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்க்கல. பார்த்திருக்கணும்.”

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நீங்க கோலை ஊணினா ஊணுங்க. மூணு நாளா நான் கேட்டதெல்லாம், இந்த மனுஷன் கிழவனா ஆகறவரைக்கும் இருக்கணும்னுதான். இளமையா வேணும்னு ஒரு தடவைகூட கேட்கல.”

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, “அப்ப அந்தப் பன்னெண்டு நாள் நான் தூங்கினது?” என்று கேட்டார், பரீட்சை முடிவு கேட்கிறவர்போல.

“அது உங்க சொந்தத் தூக்கம். யாரும் ஊசியில போட்டுக் குடுக்கல.”

“பாலா இருக்குமோ?”

“பேசாம இருங்க.”

நேர அறைக்காரரிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வீட்டுப் பக்கம் போக நின்ற பஸ் அவருடைய பஸ்தான். ஸ்டியரிங்கில் வேறு ஓர் ஆள். கண்டக்டர் விசில் அவளைப் பார்த்ததும் வழக்கம்போலப் பின்படிக்கு நகர்ந்தார். அவள் கூப்பிட்டு, “ஒண்ணுமில்ல, வெறும் சர்க்கரைதான்” என்றதும், விசில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சர்க்கரையா? நான் வேணாம் வேணாம்னு ஓடற சாமானைக் காசு குடுத்து ஏத்திக்கிட்டாரா?” என்றார். மூன்று நாளில் முதல்தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். டிரைவர் தன் பஸ்ஸில் உட்கார்ந்து போவது அபூர்வம். இரண்டு நிறுத்தம்வரை, “பிரேக்கை இப்படிப் போடக்கூடாது, கிளட்சை மிதிச்சே கொல்றான்” என்று முணுமுணுத்தார். மூன்றாவது நிறுத்தத்தில் முணுமுணுப்பு நின்றது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெயில் இதமாக இருந்தது, பஸ் தொட்டில்போல ஆடியது. என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோயிற்று.

கண் விழித்தபோது பஸ் அசையாமல் நின்றது. சுற்றிலும் ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு சுவர், தண்ணீர்த் தொட்டி, வரிசையாக நின்ற பஸ்கள். கடைசி நிறுத்தம். வீட்டைத் தாண்டி ஒன்பது நிறுத்தம் வந்துவிட்டார்கள். முப்பது வருடம் ஊரையே சரியான இடத்தில் இறக்கிவிட்ட மனுஷன் தன் வீட்டுக்கு இறங்காமல் தாண்டி வந்திருக்கிறார்.

அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சீரே இல்லாத குறட்டை. ஒரு தடவை ரம்பம் மாதிரி இழுக்கும், ஒரு தடவை இருமும், ஒரு தடவை ஏதோ கெட்டவார்த்தை மாதிரி முனகும். நடிக்கிற மனிதன் இப்படித் தூங்கமாட்டான். நெற்றியில் கோடு, காதோரம் நரை, கழுத்தில் தொங்கும் தோல், ஐம்பத்தேழு வயது அத்தனையும் அப்படியே வெயிலில் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை என்பதால் துடைக்கவில்லை.

விசில் படியில் ஏறி, மெதுவாகக் கிட்டே வந்தார். “அண்ணி, எழுப்பட்டுங்களா? கடைசி ஸ்டாப்புல யாரும் வண்டிக்குள்ள இருக்கக் கூடாது.”

“இருக்கட்டும். இப்படியே திரும்பி வரோம்.”

“போறபோதும் தாண்டிட்டா?”

“மறுபடி வருவோம். உங்களுக்கு என்ன?”

விசில் தலையை ஆட்டிவிட்டு, வழக்கமாக ஊரே அதிரும்படி ஊதுகிறவர், அன்றைக்கு விசிலை வாயில் வைக்காமல் கையால் கம்பியைத் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னார். அவள் டிரைவரின் தலையை ஜன்னலிலிருந்து எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் விழிக்கவில்லை. பஸ் கிளம்பி இரண்டாவது திருப்பம் வருவதற்குள் அவளும் தூங்கிப்போனாள்.